சாய்ந்து மிதித்தால் சாங்கி எவ்வளவு தூரம்?

2040-ஆம் ஆண்டுக்கான நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டம் 2019-இல் வெளியானபோது அதில் சிங்கப்பூர்வாசிகளுக்கு ஒரு வாக்குறுதி இருந்தது. நடந்தோ சைக்கிள் மிதித்தோ பேருந்து, ரயில் ஏறியோ போகிறவர்களின் உச்ச நேரப் பயணங்களில் பத்துக்கு ஒன்பது, புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம் வரை 45 நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். படித்தவர்களில் பெரும்பாலானோர் இதை ரயில் பெட்டிக் கணக்காகவே எடுத்துக்கொண்டார்கள். சைக்கிளுக்கும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாமே.

சைக்கிள் பாதையில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் அதே வேகத்தில் 45 நிமிடம் மிதித்தால் 18.75 கிலோமீட்டர் போகலாம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கிளம்புகிறவர் கிழக்கே சாங்கி விமான நிலையத்தை நெருங்கிவிடுவார். மேற்கே ஜூரோங் ஈஸ்ட்டைத் தாண்டிவிடுவார். உட்லண்ட்ஸுக்குத்தான் இன்னும் கொஞ்சம் மிதிக்க வேண்டியிருக்கும். தீவே கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 27 கிலோமீட்டர். மிக உயரமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டரைத் தொடவில்லை. காகிதத்தில் பார்த்தால் சைக்கிள்காரர்களுக்காகவே அளந்து வெட்டிய ஊர்.

அதே சட்டத்தின் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். நடைபாதையில் 10 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. முதலில் 15 என்று இருந்ததை 2019 பிப்ரவரியில் 10-ஆகக் குறைத்தார்கள். அந்த வேகத்தில் 45 நிமிடத்துக்கு ஏழரைக் கிலோமீட்டர்தான். ஆள் அதே ஆள், கால் அதே கால். சக்கரத்துக்குக் கீழே இருப்பது சைக்கிள் பாதையா நடைபாதையா என்பதை வைத்து அவருடைய ஊரின் அளவே பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது.

நெடுந்தூரம் சைக்கிளில் வேலைக்குப் போவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வண்டியைப் பற்றியும் வியர்வையைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். நான் கேட்க நினைப்பது, பாதை எங்கெங்கே அறுந்துபோகிறது என்று. அதைக் கண்டுபிடிக்க இந்த ஊரில் அபூர்வமாகக் கண்ணில் படும் ஒரு வண்டி உதவும். அதுதான் சாய்வு சைக்கிள்.

ஈஸிசேரில் கால் நீட்டிச் சாய்ந்திருக்கும் ஒருவரின் பாதங்களுக்கு நேராக பெடல்களை மாட்டிவிட்டால் எப்படியோ, அப்படி இருக்கும் அது. பெரும்பாலான வண்டிகளில் பெடல்கள் முன்சக்கரத்துக்கு மேலோ அதற்கும் முன்னாலோ இருக்கும். பின்சக்கரம்வரை போக வேண்டியிருப்பதால் சங்கிலி சாதாரண சைக்கிளைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலான நீளம். கைப்பிடி சில வண்டிகளில் மார்புக்கு எதிரே, சிலவற்றில் இருக்கைக்குக் கீழே இரு பக்கமும். இரண்டு சக்கரத்திலும் உண்டு, மூன்று சக்கரத்திலும் உண்டு. உடம்பின் பாரம் முதுகிலும் இடுப்பிலும் பரவிவிடுவதால் மணிக்கட்டு மரத்துப்போவது, கழுத்து பிடித்துக்கொள்வது, சீட்டின் முனை அழுத்தும் இடத்து வலி ஆகிய மூன்றும் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தினமும் மிதிக்க வேண்டியவர்களுக்கு இந்த மூன்றும் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலகமெங்கும் சாய்வு சைக்கிளுக்கு வந்து சேர்ந்தவர்களில் கணிசமானோர் முதுகுவலிக்காரர்கள்.

வென்றதால் விலக்கப்பட்ட வண்டி

இதைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவருக்கு முதுகுவலி ஒரு காரணமாக இருக்கவில்லை. பிரான்ஸில் சார்ல் மோஷே என்பவர் தம் மகன் சைக்கிள் ஓட்டி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக நான்கு சக்கரத்தில் பெடல் வண்டி ஒன்று செய்து கொடுத்தார். பையன் அதில் ஊரைச் சுற்றிய வேகத்தைப் பார்த்துப் பெரியவர்களும் கேட்கத் தொடங்க, 'வெலோகார்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பிறகு அதையே நெடுவாக்கில் பாதியாக்கியதுபோல் இரண்டு சக்கரத்தில் ஒன்று செய்தார். 1933 ஜூலை 7 அன்று பாரிஸ் ஓட்டக்களத்தில் பிரான்சிஸ் ஃபோர் என்ற பந்தய வீரர் அதில் ஏறி ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். அதுவரை இருந்த சாதனை 44.247 கிலோமீட்டர். சுவிட்சர்லாந்தின் ஆஸ்கர் எக் 1914-இல் வைத்தது, பத்தொன்பது ஆண்டுகள் யாராலும் தொட முடியாதது. ஃபோர் அப்போதைய முதல்தர வீரர்களின் வரிசையில் இருந்தவரும் அல்லர்.

அனைத்துலக சைக்கிள் ஓட்ட ஒன்றியம் அடுத்த ஆண்டு கூடி, பந்தய சைக்கிள் என்றால் என்ன என்று புதிதாக வரையறுத்தது. இருக்கைக்கும் பெடல் அச்சுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்று அளவு போட்டதில் சாய்வு சைக்கிள் வெளியே போய்விட்டது. ஃபோரின் சாதனை தனிப் பட்டியலுக்குத் தள்ளப்பட்டது. மோஷே அதே 1934-இல் இறந்தார். பந்தயத்தில் இல்லாத வண்டியைப் பெரிய தொழிற்சாலைகள் செய்யவில்லை, தொழிற்சாலை செய்யாத வண்டி கடைக்கு வரவில்லை. 1970-களில் அமெரிக்காவில் பொறியியல் பேராசிரியர்கள் சிலர் தூசி தட்டி எடுக்கும்வரை அது கிடப்பில்தான் இருந்தது. இன்று தைவானிலும் ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் பிரிட்டனிலும் சிறு நிறுவனங்கள் செய்கின்றன. காற்றைக் கிழிக்கும் கூடு போட்ட இதே வகை வண்டியில் கனடாவின் டாட் ரைக்கர்ட் 2016-இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனச் சாலையில் மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். மோட்டார் கிடையாது, இரண்டு கால்கள் மட்டும்தான்.

இதற்குக் காரணம் காற்று. சமதளத்தில் வேகம் கூடக்கூட நம் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க நினைத்தால் காற்றை வெல்வதற்கு எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தவர் மார்பால் காற்றை முட்டுகிறார், சாய்ந்தவர் பாதத்தால் அதைப் பிளந்துகொண்டு போகிறார்.

சிங்கப்பூரில் வந்து சிக்குவது இங்கேதான். சாய்வு சைக்கிளின் முழு அருமையும் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல்தான் தெரியும். பாதையிலோ 25-க்கு மேல் போகக் கூடாது. ஆக, இதன் புகழ்பெற்ற வேகத்தால் இங்கே யாருக்கும் பெரிய லாபம் இல்லை. உடம்புக்குக் கிடைக்கும் சுகம் மட்டும்தான் மிச்சம். அதிலும் வெப்பமண்டலம் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். பகல் 32 டிகிரி, காற்றில் ஈரம். முதுகு முழுதும் இருக்கையோடு ஒட்டிக்கிடப்பதால் சட்டை முதுகுப் பக்கம் தெப்பலாகிவிடும். வலை பின்னிய இருக்கை இருந்தால் பரவாயில்லை. மிதிப்பவரின் முகம் வானத்தைப் பார்த்தே இருப்பதால் காலை எட்டு மணிக்குச் சாங்கி நோக்கிப் போகிறவருக்குச் சூரியன் நேரே கண்ணில். மழை பெய்தால் அதுவும் முகத்தில். ஏப்ரல் முதல் நவம்பர்வரை சுமத்ரா பக்கமிருந்து கிளம்பி வரும் சூறைமழை, விடியலுக்கு முன்னும் காலை வேளையிலும் அடிக்கும் பழக்கமுடையது. வேலைக்குப் போகிறவர்களின் நேரம் பார்த்து வருவதுபோலத் தோன்றும்.

தண்டவாளம் விட்டுச்சென்ற வழி

அப்படியானால் இந்த வண்டியைப் பற்றி ஏன் பேச வேண்டும்? அதன் பலவீனங்களுக்காக. சாய்வு சைக்கிளை நிறுத்திக் கிளப்புவது சிரமம். எழுந்து நின்று அழுத்த முடியாது, நிற்பதற்கு முன்பே கியரைக் குறைத்துவைக்க வேண்டும். நடந்துபோகும் வேகத்தில் இரண்டு சக்கர வகை தள்ளாடும். குறுகிய வளைவில் திரும்பாது. படியில் தூக்க முடியாது, தள்ளிக்கொண்டு போனாலும் குனிந்தே போக வேண்டும். அதனால் ஒரு பாதை எங்கெல்லாம் சரியில்லையோ அங்கெல்லாம் இந்த வண்டி உடனே காட்டிக்கொடுத்துவிடும். சாதாரண சைக்கிள்காரர் சமாளித்துவிடுவார், சமாளித்துச் சமாளித்து அதை ஒரு குறையென்றே மறந்துவிடுவார்.

இந்தக் கண்ணோடு தீவின் நீண்ட பாதைகளைப் பார்த்தால் ரயில் பாதைக்கு ஈடில்லை. உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார்வரை மலாயா ரயில் ஓடிய 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தான் தாமே கடைசி ரயிலை ஓட்டிக்கொண்டு தஞ்சோங் பகார் நிலையத்தை விட்டுப் போனார். அதன்பின் நிலம் சிங்கப்பூரிடம் வந்தது, தண்டவாளம் கழற்றப்பட்டது, இரண்டு பெரிய இரும்புப் பாலங்கள் புக்கிட் தீமா வட்டாரத்தில் நினைவாக விடப்பட்டன. ரயில் ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று நின்று போகாது, செங்குத்தாக ஏறவும் ஏறாது. அதனால் அது விட்டுச்சென்ற வழியும் பல இடங்களில் சாலைகளைச் சட்டைசெய்யாமல் மேலாகவோ கீழாகவோ போய்விடுகிறது, ஏற்றமும் மெல்லியது. கிராஞ்சி பக்கம் குடியிருந்து புவன விஸ்தா, ஒன்-நார்த் பக்கம் வேலை பார்ப்பவர் ஒருவருக்கு இதைவிட நல்ல வழி இந்தத் தீவில் அமையாது. தரை பல இடங்களில் தார் போடாத மண்ணும் சரளையும் என்பதால் மழைக்குப் பிறகு சட்டையில் சேறு தெறிக்கும், அவ்வளவுதான்.

தமிழர்களுக்கு இந்த வழியோடு பழைய உறவு உண்டு. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். நிலையங்களிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இருந்தார்கள். குவீன்ஸ்டவுன் காமன்வெல்த் டிரைவில் இன்று கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1930-களில் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தின் அருகே வைத்து வணங்கிய சிறு இடமாகத் தொடங்கியதுதான். அந்தத் தடத்தில் வேலைக்கு மிதித்துப் போகும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு கதை.

கிழக்கே இன்னொரு நல்ல வழி. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கடற்கரைப் பாதை 15 கிலோமீட்டர் நீளும். 2020 அக்டோபரில் அங்கிருந்து சாங்கி விமான நிலையத்துக்குள்ளேயே போக மூன்றரைக் கிலோமீட்டர் இணைப்புப் பாதையைத் திறந்தார்கள். வழியில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஆளுயரத்தைத் தாண்டிய டைனோசர் பொம்மைகள் நிற்கின்றன. பிள்ளைகளுக்காக வைத்தது, வாரயிறுதியில் கூட்டம் அள்ளும். ஆனால் வார நாளில் அந்தப் பாதையின் உண்மையான பயன் விமான நிலையத்தில் முறைமாற்று வேலை பார்ப்பவர்களுக்குத்தான். முதல் ரயில் வருவதற்கு முன்னரே வேலைக்குப் போய் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். விமான நிலையத்துக்குச் சைக்கிளில் போய்ச் சேர முடிவது உலகில் பல பெருநகரங்களுக்கு வாய்க்காத வசதி. இங்கே அது டைனோசருக்குப் பின்னால் மறைந்துகிடக்கிறது.

லிட்டில் இந்தியாவுக்கு மிக அருகே வரும் பாதையில்தான் சிக்கல் அதிகம். சிங்கப்பூரின் முதல் பூங்கா இணைப்புப் பாதைகளுள் ஒன்று 1990-களின் தொடக்கத்தில் காலாங் ஆற்றோரம் பிறந்தது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவிலிருந்து தோ பாயோ ஓரமாக வந்து, சிராங்கூன் சாலையைக் கடந்து, காலாங் படுகைவரை ஆற்றோடு போகும். பீஷானிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு இதுதான் நேர்வழி. ஆறு எல்லாச் சாலைகளுக்கும் அடியில் புகுந்து போய்விடுகிறது. மனிதர்களுக்குத்தான் ஒவ்வொரு பெருஞ்சாலையும் ஒரு தடை. 2017-இல் இருந்த நிலைமை இது: தீவு விரைவுச்சாலையில் தலை குனிய வேண்டிய குறுகிய அடிவழி, அதற்கப்புறம் சிராங்கூன் சாலையில் சிக்னல், காலாங் பாருவில் மேம்பாலம். அந்த ஆண்டு நகர மறுசீரமைப்பு ஆணையம் இந்த அறுபட்ட இடங்களைச் சுரங்கவழியாலும் சைக்கிள் மேம்பாலத்தாலும் இணைத்து, பீஷான் முதல் நகரம்வரை தங்குதடையில்லாத வழியாக்கும் திட்டத்தை அறிவித்தது. தீவில் 2030-க்குள் சைக்கிள் பாதை 1,300 கிலோமீட்டர் ஆகிவிடும் என்ற பெரிய எண்ணைவிட இந்தச் சில இடங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கிலோமீட்டர் கூட்டுவது எளிது. அறுந்ததை முடிபோடுவதற்குப் பணமும் ஆண்டுகளும் பிடிக்கும்.

மின்தூக்கி, தாழ்வாரம், ரயில்

பாதை முடிந்ததும் வண்டியை எங்கே வைப்பது? வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டுத்தான் எதையும் வைக்கலாம், தீயணைப்புக் காரணம். சாய்வு சைக்கிள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். மின்தூக்கியில் அதை நிமிர்த்தி நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும், பக்கத்து வீட்டுப் பாட்டி சாமான் வண்டியோடு வந்துவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். எம்ஆர்டியில் மடக்கு சைக்கிளை எந்நேரமும் கொண்டுபோகலாம் என்று 2016 டிசம்பரில் சோதனையாகத் தொடங்கிப் பிறகு நிரந்தரமாக்கினார்கள். ஆனால் மடக்கியபின் 120, 70, 40 சென்டிமீட்டர் அளவுக்குள் அடங்க வேண்டும். சாய்வு சைக்கிள் இதற்குள் அடங்குவது அரிது. பாதி வழி மிதித்து, மழை வந்தால் ரயிலேறிக்கொள்ளலாம் என்ற நிம்மதி அதன் சொந்தக்காரருக்குக் கிடையாது.

மடக்கு சைக்கிள் இங்கே வென்றதற்கு இதுவே காரணம். சிறு சக்கரம், நிமிர்ந்த உடம்பு, காற்றோடு மல்லுக்கட்டு என்று பொறியியல் கணக்கில் மோசமான வண்டி. ஆனால் மின்தூக்கியையும் ரயிலையும் சாப்பாட்டு மேசைக்கு அடியிலுள்ள இடத்தையும் மதித்து நடக்கத் தெரிந்த வண்டி.

விலையைப் பேசாமல் விட முடியாது. நல்ல சாய்வு சைக்கிள் ஒன்று பல ஆயிரம் வெள்ளி. கேட்டதும் திடுக்கிடுகிறவர்கள், 2023 அக்டோபரில் பெரிய கார் ஒன்றுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் மட்டும் 1,50,001 வெள்ளிக்குப் போனதை நினைத்துக்கொள்ளலாம். அது காரின் விலை அல்ல, பத்து ஆண்டு காரை வைத்துக்கொள்வதற்கான அனுமதியின் விலை.

சாலையில் இறங்கினால் அந்த 25 கிலோமீட்டர் உச்சவரம்பு இல்லை, சாய்வு சைக்கிள் தன் இயல்பில் ஓடலாம். 2019 முதல் தலைக்கவசம் கட்டாயம். முந்திச் செல்லும் வாகனங்கள் 1.5 மீட்டர் இடைவெளி விடும்படி வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனால் லாரி ஓட்டுநரின் கண்மட்டத்துக்கு வெகு கீழே ஒருவர் சாய்ந்து கிடக்கிறார் என்பதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். இந்த வண்டிக்காரர்கள் பின்னால் உயரக் கம்பு கட்டி அதில் கொடி பறக்கவிடுவது அலங்காரத்துக்காக இல்லை. காலை ஏழரை மணிக்கு துவாஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இதில் போகச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தினமும் மிதிப்பவர்கள்

சைக்கிளில் வேலைக்குப் போவது ஏதோ புது நாகரிகம் என்பதுபோல் பேசப்படுவது வேடிக்கை. சிராங்கூன் சாலை வட்டாரத்துக்கு அது பழைய சோறு. ரொட்டிக்காரர் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி மணியடித்துக்கொண்டு வந்த காலத்தை ஐம்பது வயதைத் தாண்டிய பலரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். வடக்கே செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் தமிழர், மலையாளி, சீனர் என்று வேலையாட்கள் சைக்கிளில் திரண்டு போவார்கள். கையால் இழுக்கும் ரிக்‌ஷா 1947-இல் ஒழிந்தபின் டிரைஷா அந்த இடத்தைப் பிடித்தது. இன்னும் பின்னே போனால் 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் புகுந்த ஜப்பானியப் படை, ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் பாரு வந்து சேர்ந்ததில் சைக்கிளுக்குப் பெரும்பங்கு உண்டு. டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டினார்கள், ராத்திரியில் அந்தச் சத்தம் பீரங்கி வண்டிபோலக் கேட்டதாம். நெடுந்தூர சைக்கிள் பயணத்தின் வரலாற்றில் நாம் மறக்க விரும்பும் பக்கம் அது.

இன்றும் தினமும் மிதிப்பவர்கள் பத்திரிகை அட்டைக்கு வராதவர்கள். துவாஸ், ஜூரோங், கிராஞ்சி பக்கத் தங்குவிடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களில் பலர் பழைய சைக்கிளில்தான் ரயில் நிலையத்துக்கோ பட்டறைக்கோ போய்வருகிறார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதில்லை. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டியில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை. புதுக்கோட்டைக்காரர்களின் அம்மாக்களே 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் பழகியவர்களாக இருக்கலாம். இவர்கள் யாரும் சைக்கிள் ஓட்டுவதைக் கார்பன் குறைப்பு என்று சொல்வதில்லை. பேருந்து வராத இடத்தில் வேலை, அவ்வளவுதான்.

அடுத்து உணவு விநியோகம் செய்கிறவர்கள். 2019 நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர் நடைபாதையில் ஓடக் கூடாது என்று ஆனபோது ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு ஒரே நாளில் ஆட்டம் கண்டது. வேறு வண்டிக்கு மாற அரசாங்கம் 70 லட்சம் வெள்ளி உதவித்திட்டம் அறிவித்தது. பலர் சைக்கிளுக்கும் மின்சைக்கிளுக்கும் வந்தார்கள். ஒரு நாளில் இவர்கள் சுற்றும் தூரத்தை எந்த அலுவலகச் சைக்கிள்காரரும் நெருங்க முடியாது. 2025 ஜூலை 1 முதல் சைக்கிள் பாதையை ஒட்டி இருக்கும் நடைபாதைகள் நடப்பவர்களுக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்டன. நியாயமான விதி. முதியவர்கள் நிம்மதியாக நடக்கட்டும். ஆனால் இந்த விதி சைக்கிள் பாதை இருக்கும் இடத்தில்தான் பொருந்தும். இல்லாத இடத்தில் எல்லோரும் பழையபடி அதே நடைபாதையில்தான் ஒருவரையொருவர் இடித்துக்கொள்கிறோம்.

லிட்டில் இந்தியா அப்படிப்பட்ட இடம். சிராங்கூன் சாலையின் கடைவீதிப் பகுதியில் சைக்கிளுக்கென்று தனித்தடம் கிடையாது. ஐந்தடி நடைவழியில் பூக்கூடையும் காய்கறிப் பெட்டியும் பெட்டிக்கடையும். அங்கே 10 கிலோமீட்டர் வேகம் என்பதே கற்பனை. சாய்வு சைக்கிளில் வந்தால் கண்மட்டத்தில் தெரிவது மற்றவர்களின் முழங்காலும் பைகளும்தான். பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இல்லாமலில்லை. பென்கூலன் ஸ்திரீட்டில் ரயில் சுரங்க வேலை முடிந்தபின், நான்கு கார் தடங்களில் இரண்டை எடுத்து அகல நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் ஆக்கி 2017-இல் திறந்தார்கள். கார்கள் வேறு வழி பார்த்துக்கொண்டன.

இனி வரப்போவதுதான் பெரிது. வடக்கே உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன், அங் மோ கியோ வழியாக நகரத்துக்கு வரும் வடக்கு-தெற்குத் தடம் 21.5 கிலோமீட்டர். முதலில் வெறும் விரைவுச்சாலையாகத்தான் திட்டமிட்டார்கள். 2016-இல் அதை மாற்றி, கார்களைப் பெரும்பாலும் சுரங்கத்துக்கு அனுப்பி, மேலே பேருந்துத் தடமும் தொடர்ச்சியான சைக்கிள் பாதையும் போடுவதாக முடிவுசெய்தார்கள். சுரங்கம் 2029-இல் திறக்கும் என்பது திட்டம். மேலே உள்ள சாலைகள் அதன்பின் ஒவ்வொன்றாக மாறும். ஈசூனில் குடியிருந்து தேக்காவில் கடை வைத்திருப்பவர், அங் மோ கியோவிலிருந்து நகைக்கடைக்கு வேலைக்கு வருகிறவர் ஆகியோருக்கெல்லாம் முதல்முறையாக 45 நிமிடக் கணக்கு சைக்கிளில் கைகூடக்கூடிய வழி இது. இதற்காக இந்த வட்டாரம் ஏற்கெனவே ஒரு விலை கொடுத்துவிட்டது. பளிச்சென்ற வண்ணத்தில் நின்ற ரோச்சோர் சென்டரின் நான்கு கட்டடங்களும் இடிக்கப்பட்டது இந்தத் தடத்துக்காகத்தான். குடியிருந்தவர்கள் வேறிடம் போனார்கள்.

சாய்வு சைக்கிள் சிங்கப்பூரில் பெருகும் என்று நான் நம்பவில்லை, பெருக வேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஆனால் இந்தத் தடத்தை வரைபவர்களுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்து, மூன்று சக்கர வகையாகவே வாங்கிக் கொடுத்து, வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு திருப்பத்தையும் அதில் ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். பாதை முனையில் வளைத்து நட்ட தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே அது புகுகிறதா? சரிவுப் பாதையின் மூலையில் திரும்புகிறதா? இறங்காமல் சாலையைக் கடக்க முடிகிறதா? அது போகும் இடத்தில் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்த தாயும், சக்கரநாற்காலிக்காரரும், சாப்பாட்டுப் பையைச் சுமந்த விநியோகக்காரரும் தடையின்றிப் போவார்கள்.

ரோச்சோரில் அந்தப் பாதை வந்து சேரும்போது தேக்காவுக்கு மீதமிருப்பது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தக் கடைசித் துண்டை எப்படிப் போடப்போகிறார்கள் என்பதைத்தான் இந்த வட்டாரக் கடைக்காரர்களும் கோயில்காரர்களும் இப்போதே கேட்க வேண்டும். வார நாளில் அங்கே சைக்கிளுக்குத் தனித்தடம் வேண்டும், காரிடமிருந்து எடுத்தாவது கொடுக்க வேண்டும். ஞாயிறு மாலை மட்டும் விதிவிலக்கு. ஆறு நாள் உழைத்துவிட்டு ஊருக்குப் பணம் அனுப்பவும், நண்பனைப் பார்க்கவும், வயிறாரச் சாப்பிடவும் வருகிறவர்கள் நிற்பதற்கே இடம் போதாத நேரம் அது. அந்த நான்கைந்து மணி நேரம் தடத்தையும் அவர்களுக்கே விட்டுவிட்டு, எவ்வளவு விலை உயர்ந்த வண்டியாக இருந்தாலும் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும்.